கிண்டல் நடந்தப்போ நீ எங்கே நின்ன?

"ஸ்கூல்ல யாராவது உன்னைக் கிண்டல் பண்றாங்களா?" என்று மட்டும் பிள்ளையிடம் கேட்டு நிறுத்தாதீர்கள். "யார் சிரிச்சா? நீ எங்கே நின்ன?" என்றும் கேளுங்கள். 1996-இல் பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி குழுவினர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு, சுற்றி நிற்பவர்களையும் பிரித்துக் காட்டியது: கூடச் சேர்ந்து சீண்டுபவர், சிரித்து உசுப்பேற்றுபவர், ஒதுங்கி நிற்பவர், பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்பவர்.

கிண்டல் செய்பவருக்கு அந்தச் சிரிப்புதான் தீனி. எதிர்த்து நிற்க எல்லாப் பிள்ளைக்கும் தைரியம் வராது, வற்புறுத்தவும் வேண்டாம். ஆனால் சிரிக்காமல் இருக்கலாம். "வாடா, தண்ணி குடிக்கப் போலாம்" என்று கிண்டலுக்கு ஆளான பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நகரலாம். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்காரலாம். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது, தனியாக இருக்கிற பிள்ளைதான் சுலபமாகச் சிக்கும். அடிதடி என்றால் உடனே டீச்சரிடம் ஓடச் சொல்லுங்கள். அது கோள்மூட்டுவது ஆகாது.