நோன்பு திறக்க ஒரு பாஸ்டன் கறி

கார்ன்டு பீஃப், அதாவது உப்பிட்ட மாட்டிறைச்சி, என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது சாவி போட்டுத் திறக்கிற அந்த டின்தான். வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு வதக்கினால் ஒரு தட்டுச் சோறு ஓடிவிடும். இங்கே நான் சொல்லப்போவது வேறு: முழு நெஞ்சுக்கறித் துண்டை ஐந்து நாள் உப்புநீரில் ஊறவைத்து, முட்டைக்கோசோடு வேகவைப்பது.

பாஸ்டனில் இருக்கும் என் தங்கை 2025 நோன்புக்கு சிங்கப்பூர் வந்திருந்தாள். "ராத்தா, மார்ச் 17 ஐரிஷ்காரர்களின் செயின்ட் பேட்ரிக் தினம். அன்றைக்கு அங்கே எங்கே திரும்பினாலும் இந்த வாசனைதான். இங்கேயும் செய்வோமா?" என்றாள். ஐரிஷ்காரர் சாப்பாடு என்றால் பன்றியாச்சே என்று நான் இழுத்தேன். என் சந்தேகம் பொய்யில்லை. அயர்லாந்தில் முட்டைக்கோசுக்கு ஜோடி உப்பிட்ட பன்றி இறைச்சிதான். கார்க் துறைமுகத்திலிருந்து உப்புப்போட்ட மாட்டிறைச்சி ஒரு காலத்தில் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறியது. அங்கிருந்த ஏழைகளுக்கு மட்டும் அது எட்டவில்லை.

1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய 1 மில்லியன் பேர் மாண்டார்கள், இன்னொரு மில்லியன் பேர் ஊரைவிட்டே கிளம்பினார்கள். நியூயார்க்கில் இறங்கியவர்களுக்கு அக்கம்பக்கத்தில் யூதர்களின் கோஷர் இறைச்சிக்கடைகள், அதாவது அவர்களின் மத உணவுவிதிப்படி நடக்கும் கடைகள், இருந்தன. அங்கே பன்றி கிடையாது. உப்பில் ஊறிய நெஞ்சுக்கறி கிடைத்தது, ஊரில் பார்த்தறியாத மலிவு விலையில். பன்றி போய் மாடு வந்தது இப்படித்தான். யூதர் கடையின் கட்டுப்பாட்டால்தான் இந்தக் கறி இன்று என் வீட்டு அடுப்பிலும் ஏறுகிறது. சிங்கப்பூர் வந்த நம் மாமாக்கள் சீனர்களின் மஞ்சள் மீயை (நூடுல்ஸை) வாங்கி, வறுத்து மீ கோரிங் ஆக்கவில்லையா? அவர்கள் விட்டுவந்த கடையநல்லூரில் போய் மீ கோரிங் கேட்டுப் பாருங்கள், யாருக்கும் தெரியாது!

சரி, சமையலுக்கு வருவோம். ஒன்றரைக் கிலோ பிரிஸ்கெட் (நெஞ்சுக்கறி) போதும். நான் இங்கே சிங்கப்பூரில் கேலாங் செராய் ஈரச்சந்தையில் வாங்குகிறேன். கொழுப்பை முழுக்கச் செதுக்கிவிடாமல் விரல் கனத்துக்கு ஒரு பக்கம் விட்டுத் தரச் சொல்லுங்கள்.

இரண்டு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் கல் உப்பு, ஒரு கைப்பிடி குலா மலாக்கா என்கிற பனைவெல்லம். மசாலாவுக்கு எங்கும் அலைய வேண்டாம். கடுகு, முழு மல்லி இரண்டும் ஒரு மேசைக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, நாலு கிராம்பு, ஒரு துண்டு பட்டை, இரண்டு பிரிஞ்சி இலை. எல்லாம் நம் அஞ்சறைப்பெட்டிச் சரக்குதான். கொதிக்கவிட்டு இறக்கி, நன்றாக ஆறவிடுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே கறியைப் போட்டுவிடாதீர்கள், நம் ஊர்ச் சூட்டில் கெட்டுப்போகும். கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் கறி முழுக்க மூழ்கும்படி வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கி, ஃபிரிட்ஜில் ஐந்து நாள். தினமும் ஒருமுறை புரட்டிப் போடுங்கள். அலுமினியம் வேண்டாம்.

கார்ன்டு பீஃபில் வரும் கார்ன் சோளம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் மணி என்று பொருள். மணி மணியான கல் உப்பைச் சொன்னது. கடைக் கறி ரோஜா நிறத்தில் இருப்பதற்குக் காரணம் நைட்ரைட் உப்பு. நாம் அதைச் சேர்ப்பதில்லை, அதனால் வெந்ததும் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். பயப்படாதீர்கள். பாஸ்டன் பக்கம் பழைய ஆட்கள் விரும்புவதே அந்தச் சாம்பல் நிறக் கறியைத்தான் என்கிறாள் தங்கை.

நான் கோட்டை விட்ட இடம் அடுத்தது. ஆறாம் நாள் கறியை எடுத்து, குழாயில் சும்மா ஒரு அலசு அலசி அடுப்பில் ஏற்றினேன். நோன்பு வைத்துக்கொண்டு நான் ருசி பார்ப்பதில்லை. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், கஞ்சி எல்லாம் முடித்து முதல் துண்டை வாயில் வைத்தால் கடல் தண்ணீர்! மச்சான் ஒன்றும் சொல்லாமல் மூன்று குவளை பண்டுங் (ரோஜா சர்பத் கலந்த பால்) குடித்தார். ஆகவே, கழுவியபின் பச்சைத் தண்ணீரில் முக்கால் மணி நேரம் ஊறப்போடுங்கள். நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பிறகு புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். அடுப்பில் உப்பே போட வேண்டாம்.

சிங்கப்பூரில் மார்ச்சில் நோன்பு திறக்க ஏழேகால் ஆகிவிடும். நான் மூன்று மணிக்கே அடுப்பை மூட்டிவிடுவேன். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, தண்ணீர் லேசாக முணுமுணுக்கும்படி மூன்று மணி நேரம். முள்கரண்டி தடையில்லாமல் இறங்கினால் கறியை எடுத்து மூடி வையுங்கள். அதே தண்ணீரில் உருளைக்கிழங்கும் கேரட்டும் இருபது நிமிடம், அப்புறம் கோஸைத் தண்டோடு நாலாக, எட்டாக வெட்டிப் போட்டு இன்னொரு கால் மணி நேரம். எல்லாவற்றையும் குக்கரில் ஒன்றாகப் போட்டு விசில் விட்டால் கோஸ் கூழாகிவிடும்.

கறியின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே மெல்லிசாக அரியுங்கள். நார் போகிற போக்கில் வெட்டினால் கயிறு மெல்வது போலிருக்கும். தொட்டுக்கொள்ளக் கடுகு விழுது. எங்கள் வீட்டில் சம்பலும் (மிளகாய் விழுது) வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மிஞ்சியதை அமெரிக்காவில் மறுநாள் காலை உருளைக்கிழங்கோடு பொடியாக நறுக்கி, மொறுமொறுவென்று வறுத்து, மேலே ஒரு முட்டை உடைத்து ஊற்றுவார்களாம். நான் சஹருக்கு, நோன்பு வைக்குமுன் விடியலில் சாப்பிடும் சாப்பாட்டுக்கு, அதையே வெங்காயம், பச்சை மிளகாயோடு வதக்கினேன். டின் கறிக்குப் போடுகிற அதே பச்சை மிளகாய். தங்கை சட்டியை வழித்துவிட்டாள்.