ஏற்காட்டுத் தேன்: பூவைக் கேட்டு வாங்குங்கள்

ஏற்காட்டில் தேன் வாங்கும்போது, விலைக்கு முன் எந்தப் பூ, எந்த மாதம் எடுத்தது என்று கேளுங்கள். கோடை மழை பெய்து பத்து நாளில் காப்பிச் செடிகள் வெள்ளையாகப் பூத்துக் குலுங்கும். சில நாளில் உதிர்ந்தும் விடும். பிறகு தேனீ வேறு பூவுக்குப் போகும், தேனும் மாறும்.

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். வெளிர் தேனில் தாது உப்புகள் பெரும்பாலும் 0.2 சதவீதத்துக்குள்தான், அடர்நிறத் தேனில் 1 சதவீதம் வரை போகலாம். பெரும்பங்கு பொட்டாசியம். ஆனால் சூடாக்கினாலும் நாள்பட்டாலும் தேன் கறுக்கும், ஏமாறாதீர்கள்.

‘இரும்புச்சத்து நிறைந்தது’ என்பாரிடம் ஒரு கணக்கு: ஒரு தேக்கரண்டித் தேன் 7 கிராம். தாதுக்கள் எல்லாம் சேர்ந்தே அதிகபட்சம் 70 மில்லிகிராம், அதிலும் பெரும்பங்கு பொட்டாசியம்தான்! இரும்புக்கு வீட்டு முருங்கைக்கீரையைப் பறித்துக்கொள்ளுங்கள்.