உங்களிடம் ஏன் வாங்க வேண்டும்? சிறுதொழில் செய்பவர் ஒரே வரியில் பதில் எழுதும் முறை

காரைக்குடியில் நாலு பலகாரக் கடை போர்டைப் படித்துப் பாருங்கள். ‘பாரம்பரியச் சுவை, கைப்பக்குவம், தரமே தாரக மந்திரம்.’ கடைப் பெயரை மாற்றினாலும் வரி அப்படியே பொருந்தும். அதனால்தான் வருகிறவர் விலையை மட்டும் கேட்கிறார்.

‘செட்டிநாடு’ என்பதையும் பார்த்துப் போடுங்கள். சென்னையில் அது ஆளை இழுக்கும். காரைக்குடி செக்காலை ரோட்டில் எல்லாக் கடையும் செட்டிநாடுதான். கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் கிடைத்த புவிசார் குறியீடும் அப்படித்தான். ஊருக்கே பொதுவான பெருமை, உங்கள் தறிக்கு மட்டும் உரியதல்ல.

1. ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டில் பலகாரம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணச் சீருக்கு மொத்தமாக வாங்கும் வீட்டாருக்கு, சொன்ன நேரத்தில் சொன்ன எண்ணிக்கை வர வேண்டும். கூரியரில் 2 கிலோ கேட்பவருக்கு உடைசலும் காறலும்தான் பயம். இருவருக்கும் சேர்த்து எழுதினால் இருவருக்குமே ஒட்டாது.

2. கேள்விகளைத் திரட்டுங்கள்

வாட்ஸ்அப்பில் கடைசி 20 விசாரிப்புகளை எடுங்கள். விலையை விடுத்து, வேறு என்ன கேட்டார்கள் என்பதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். “என்ன எண்ணெய்ங்க?” “எத்தனை நாள் தாங்கும்?” “தேன்குழல் நொறுங்காம வருமா?” அதிகம் வந்த இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். கேட்டுவிட்டு ஆர்டர் கொடுக்காமல் போனவர்களைத் தள்ளிவிடாதீர்கள். சரக்கு இருப்பது அங்கேதான்.

3. எழுதுங்கள்

யாருக்கு, என்ன, எப்படி, தவறினால் என்ன. இந்த நான்கும் 20 சொல்லுக்குள்:

“வெளியூரில் இருப்போருக்குத் தேன்குழல்: ஆர்டருக்கு மறுநாள் கடலை எண்ணெயில் பொரித்து, டப்பாவில் அடுக்கி அனுப்புகிறோம். நொறுங்கி வந்தால் மாற்றித் தருவோம்.”

‘சுத்தமான’, ‘தரமான’ என்று கை எழுதினால் அடித்துவிடுங்கள். எண்ணெயின் பெயர், நாள், எடை என்று வாங்குபவர் சரிபார்க்கக்கூடியது மட்டும் நிற்கட்டும்.

மாற்றித் தருவதாகச் சொல்லுமுன் கணக்குப் போடுங்கள். 20 பார்சலில் ஒன்று நொறுங்குகிறது, மாற்றி அனுப்ப 300 ரூபாய் ஆகிறது என்றால் பார்சலுக்கு 15 ரூபாய் விலையில் ஏற வேண்டும். பாகில் புரட்டும் மணகோலம் என்ற பலகாரத்துக்கு இந்த வாக்கு வேண்டாம். அது துண்டு துண்டாகத்தானே இருக்கிறது! அங்கே பிரச்சினை, காற்றுப் பட்டால் பாகு கசிவது. ஆகவே ‘காற்றுப் புகாத டப்பா’ என்று எழுதுங்கள்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் விற்பவருக்குக் கேள்வியே வேறு. நிறத்தைக் கையால் கலப்பதால் அடுத்த முறை வார்க்கும் கல்லில் சாயல் மாறும். பிறகு இரண்டு கல் உடைந்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? 100 சதுர அடிக்கு 8 அங்குலக் கல் 225 பிடிக்கும். “அதே கலவையில் 12 கல் கூடுதலாக, விலைக்குள்ளேயே” என்ற வரி, நூறு வருஷப் பாரம்பரியம் பேசுவதைவிட வேகமாக விற்கும்.

4. சோதியுங்கள்

போட்டிக் கடையின் பெயரை வரிக்கு மேல் எழுதிப் படியுங்கள். பொருந்தினால் இரண்டாவது படிக்குத் திரும்புங்கள். அடுத்து, உங்கள் தொழில் தெரியாத ஒருவரிடம் ஒருமுறை மட்டும் படித்துக்காட்டி, யாருக்கு என்ன விற்கிறீர்கள் என்று கேளுங்கள். தடுமாறினால் சொல்லைக் குறையுங்கள்.

தேறிய வரியை போர்டு, வாட்ஸ்அப் விவரம், பில் என எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போடுங்கள். தீபாவளி நெரிசலில் மறுநாளே பொரிக்க முடியாதென்றால், அந்த மாதம் பிறக்குமுன்பே ‘மறுநாள்’ என்பதை ‘5 நாளில்’ என்று மாற்றிவிடுங்கள்.