வாரண்டி உள்ள போனுக்குக் கடையில் ‘சாப்ட்வேர்’ போடலாமா?

தர்மபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள செல்போன் கடைகளில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். “அண்ணா, போன் லோகோவிலேயே நிக்குது.” “சாப்ட்வேர் போட்டா சரியாயிடும், சாயங்காலம் வாங்க.” பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. அந்தக் கடைகளில் கை தேர்ந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் வாரண்டி இன்னும் பாக்கி இருக்கிறதா என்று கொடுப்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. முதல் தவறு அங்கேதான் நடக்கிறது.

ஏன் கடைக்குப் போகிறார்கள் என்பதும் புரிகிறது. சில கம்பெனிகளின் சர்வீஸ் சென்டருக்கு சேலமோ பெங்களூரோதான் போக வேண்டும். பென்னாகரத்திலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ கிளம்பினால் ஒரு நாள் கூலி போச்சு. பக்கத்துக் கடையில் சில நூறு ரூபாயில் வேலை முடிகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

செட்டிங்ஸில் ‘புதிய அப்டேட் வந்திருக்கிறது’ என்று தானாக வருவது ஒரு வகை. அதைப் போட்டு போன் கெட்டால் அது கம்பெனியின் பொறுப்பு என்று உரிமையோடு கேட்கலாம். அப்டேட் போட்ட பிறகு திரையில் பச்சைக் கோடு விழுந்து பலர் புலம்பிய சமயத்தில், ஒன்பிளஸ் இந்தியாவில் தன் சில மாடல்களுக்குத் திரைக்கு வாழ்நாள் வாரண்டியே கொடுத்தது. அதே கோடு, கையால் சாப்ட்வேர் ஏற்றிய போனில் விழுந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். கம்பெனியின் அசல் சாப்ட்வேர் கோப்பையே இறக்கி, கம்ப்யூட்டர் வழியாக நாமே ஏற்றுவது இரண்டாவது வகை. பூட்லோடர் என்ற, போன் தொடங்கும்போது சாப்ட்வேரைச் சரிபார்க்கும் பூட்டைத் திறந்து, யாரோ செய்த ரோமை, அதாவது போனின் முழு சாப்ட்வேரை, போடுவது மூன்றாவது. இந்த மூன்றையும் ‘அப்டேட்’ என்ற ஒரே பெயரில் சொல்லிக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம்.

சாம்சங்கை எடுத்துக்கொள்வோம். அதே மாடலுக்கான அசல் கோப்பை ஓடின் என்ற கம்ப்யூட்டர் புரோகிராம் மூலம் ஏற்றினால் போனில் நிரந்தரத் தடயம் எதுவும் பதிவதில்லை. கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத ரெகவரியையோ (போனை மீட்க உதவும் பகுதி) பூட் கோப்பையோ (போனைத் தொடங்கி வைப்பது) ஏற்றினால் கதை வேறு. உள்ளே நாக்ஸ் என்ற பாதுகாப்புக்கென ஒரு மின் உருகி இருக்கிறது. அது ஒருமுறை எரிந்தால் எரிந்ததுதான். சாப்ட்வேர் ஏற்றுவதற்கான டவுன்லோட் மோடுக்குப் போனால், வாரண்டி வாய்ட் என்ற வரியில் 0 இருந்த இடத்தில் 1 நிற்கும். பழைய சாப்ட்வேரை மறுபடி போட்டாலும் அந்த 1 மாறாது. ரகசியக் கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டரும் அதோடு போய்விடும். சர்வீஸ் சென்டர்காரர் போனைக் கழற்றவே வேண்டாம், அந்த ஒரு வரி போதும்.

அசல் கோப்பிலும் சறுக்கல் உண்டு. பில்டு எண் என்ற சாப்ட்வேர் பதிப்பு எண்ணின் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். போனில் அது 5 என்றிருந்து, கோப்பில் 4 என்றிருந்தால் போன் ஏற்காது. பின்னோக்கிப் போக வழியில்லை. ‘புது அப்டேட்ல பேட்டரி நிக்கல, பழசையே போடுங்க’ என்று கேட்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்புறம், நாடு, நெட்வொர்க் அமைப்புகள் அடங்கிய கோப்புகளில், சிஎஸ்சி (CSC) என்று தொடங்குவதை ஏற்றினால் போட்டோ, காண்டாக்ட் எல்லாம் அழியும். ஹோம் சிஎஸ்சி (HOME_CSC) என்று தொடங்குவதை ஏற்றினால் தங்கும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள் அதில் போய்விடும்.

ஷியோமியில் ஆபத்து வேறு இடத்தில். சீனச் சந்தைக்கான போனில் வெளிநாட்டு ரோமை ஏற்றி விற்பவர்கள் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடுகிறோம். அந்த போனில் மிஃபிளாஷ் என்ற ஷியோமி புரோகிராம் வழியாகச் சாப்ட்வேர் போடும்போது, கீழே ‘எல்லாம் அழித்துப் பூட்டு’ என்ற தேர்வு தானாகவே குறிக்கப்பட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் பட்டனைத் தட்டினால், சீன போனில் வெளிநாட்டு ரோமோடு பூட்லோடர் பூட்டிக்கொள்ளும். இந்தச் சாப்ட்வேர் இந்த போனுக்கு ஆகாது என்ற செய்தியோடு நின்றுவிடும். அதிலிருந்து மீட்கக் கம்பெனி அனுமதி உள்ள கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு இருக்கிறது என்று சொல்லும் வெளியூர் ஆள் ஆன்லைனில் காசு வாங்கிக்கொண்டு நம் கம்ப்யூட்டருக்குள் நுழைவது அந்தக் கட்டத்தில்தான்.

பூட்லோடரைத் திறந்த போனில் வங்கி ஆப்கள் முரண்டு பிடிக்கும், நெட்ஃபிளிக்ஸ் படம் மங்கலாகத் தெரியும். இவையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாளமான ஐஎம்இஐ எண் அழிந்துபோவது அப்படியில்லை. தவறான கோப்பால் அது காணாமல் போனதும், ‘எழுதித் தர்றேன்’ என்று ஒருவர் வருவார். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அந்த எண்ணைத் திருத்துவது குற்றம். 3 ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும். எந்த வேலைக்குக் கொடுத்தாலும் முன்னும் பின்னும் *#06# அடித்து, பெட்டியில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐபோனில் இந்தத் தலைவலி குறைவு. கம்ப்யூட்டரில் இணைத்து ஆப்பிளின் சொந்தக் கோப்பை ஏற்றுவது அங்கே முறையான வழிதான், வாரண்டி போகாது. ஆப்பிள் கையெழுத்திடுவதை நிறுத்திய பழைய பதிப்புக்கு மட்டும் திரும்ப முடியாது. ஐபோனின் பாகங்கள் ஓசூர் பக்கத்தில்தான் தயாராகின்றன, ஆனாலும் அந்த விதியில் நமக்குச் சலுகை ஒன்றும் இல்லை.

மின்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் வைத்து ஏற்ற ஆரம்பிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. பாதியில் நின்றால் போன் உயிர் வராமலே போகலாம்.

சரி, வாரண்டி உள்ள போன் அப்டேட்டுக்குப் பிறகு நின்றுவிட்டது. என்ன செய்வது? பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் அழுத்தி மறுதொடக்கம் செய்து பாருங்கள். வரவில்லையா, அதற்கு மேல் தொடாதீர்கள். திரையைத் தேதியோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பில்லோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பலர் கோட்டை விடுவது, போனை வாங்கிக்கொண்டு அங்கே தரும் ஜாப் ஷீட் என்ற ரசீதில்தான். குறை என்ற கட்டத்தில் ‘போன் ஆன் ஆகவில்லை’ என்று மட்டும் எழுதுவார்கள். ‘கம்பெனி அப்டேட் செய்த பிறகு ஆன் ஆகவில்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் பட்டது, அடிபட்டது என்று ஏதாவது குறித்திருக்கிறார்களா என்றும் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

போர்டு மாற்றக் காசு கேட்டு, அது நியாயமில்லை என்று தோன்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பெங்களூருவில் வாங்கிய போன் என்றாலும் ஓசூர்க்காரர் அங்கே அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே நமக்குக் கைகொடுப்பது அந்த ஜாப் ஷீட்தான். நடுவில் ஒரு கடையில் ‘சாப்ட்வேர்’ போட்டிருந்தால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பதும் அதைத்தான்.

வாரண்டி முடிந்து மேசை டிராயரில் கிடக்கும் பழைய போன் என்றால் தாராளமாக விளையாடுங்கள், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. யூபிஐ ஓடும் சிம்மை மட்டும் முதலில் கழற்றி வைத்துவிடுங்கள்.