சோலாரிஸ் 10-இல் கம்பைல் செய்ய வேண்டியிருந்தால்

2005-இல் வந்த சோலாரிஸ் 10 என்ற யூனிக்ஸ் இயங்குதளம் இன்னும் சில இடங்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் ஒரு மென்பொருளைச் சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) கம்பைல் செய்யும்போது, முதலில் கணினியைச் சோதித்துப் பார்க்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் 'சின்டாக்ஸ் எரர்' என்று நின்றுவிட்டால், உடனே கம்பைலரைச் சந்தேகிக்காதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி, அந்த ஸ்கிரிப்டைப் படித்து இயக்கும் ஷெல்தான்.

இங்கே /பின்/எஸ்எச் என்பது பழைய போர்ன் ஷெல். டாலர் குறி போட்டு அடைப்புக்குள் கட்டளை எழுதும் முறை அதற்குப் புரியாது. பேக்டிக் (`) போட்டால்தான் புரியும். இன்று ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் சோதித்துப் பார்ப்பதே இல்லை. ஸ்கிரிப்டைத் திருத்தப் போகாமல், கான்ஃபிக்_ஷெல் என்ற மாறியில் /பின்/கேஎஸ்எச் (கார்ன் ஷெல்) என்று கொடுத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அப்புறம் கான்ஃபிகரையும் அந்த ஷெல்லைக் கொண்டே ஓட்டுங்கள்.

அடுத்தது பாத், அதாவது கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல். /யுஎஸ்ஆர்/எக்ஸ்பிஜி4/பின் முதலில் வரட்டும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தர முறைப்படி நடக்கும் கிரெப், ஆக் (awk) போன்ற உரைக் கருவிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. /யுஎஸ்ஆர்/பின்-இல் உள்ள கிரெப்புக்கு மைனஸ் ஈ (-E) என்றால் என்னவென்றே தெரியாது. ஜிசிசி கம்பைலர், க்னூவின் மேக் கருவியான ஜிமேக் இரண்டும் /யுஎஸ்ஆர்/எஸ்எஃப்டபிள்யூ/பின்-இல் கிடைக்கும். க்னூ மேக்ஃபைல் என்றால் மேக் வேண்டாம், ஜிமேக் என்றே அடியுங்கள். ஆனால் அந்த ஜிசிசி 3.4 காலத்தது, சி++ மொழியின் 2011 தரமான சி++11 கேட்கும் மென்பொருளை அதனிடம் கொடுத்துப் பயனில்லை.

கடைசியில் நூலகங்களோடு லிங்க் ஆகும்போது, நெட்வொர்க் இணைப்புக்கான 'சாக்கெட்' கிடைக்கவில்லை என்று புலம்பினால் மைனஸ் எல்சாக்கெட், மைனஸ் எல்என்எஸ்எல் இரண்டையும் லிப்ஸ் மாறியில் சேர்த்து, கான்ஃபிகரை மறுபடி ஓட்டுங்கள். லினக்ஸில் இவை அடிப்படை சி நூலகமான லிப்சி-க்குள்ளேயே இருப்பதால் பலருக்கு இது தோன்றுவதே இல்லை.