காற்று ஓய்ந்த நாளுக்கும் தண்ணீர்: உயர் சமவெளியில் மாட்டுத் தொட்டி

மேற்கு நெப்ராஸ்காவிலிருந்து டெக்சாஸின் வடக்கு மூலை வரை விரியும் அமெரிக்க உயர் சமவெளியில் வசந்தகாலக் காற்று பலமாக அடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் தணியும். மாடு அதிகம் குடிப்பதும் அதே மாதங்களில்தான். காற்றாலை நீர் இறைத்து நிரப்பும் தொட்டியின் அளவை இதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

கன்றுக்குப் பால் கொடுக்கும் இறைச்சி மாடு கடும் வெயிலில் ஒரு நாளைக்கு 75 லிட்டர் வரை குடிக்கும். 50 மாட்டுக்கு 3,750 லிட்டர். காற்றில்லாத 4 நாளைத் தாங்க 15,000 லிட்டர் இருப்பு வேண்டும். 6 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் 60 செ.மீ. தண்ணீர் நின்றால் சுமார் 17,000 லிட்டர். ஆவியாகும் அளவும் இதற்குள் அடங்கிவிடும்.

தண்ணீரிலிருந்து 1.5 கி.மீ.க்கு அப்பால் மாடு மேய்வது வெகுவாகக் குறையும். தொட்டியடியில் புல் மொட்டையாகும், தொலைவில் முற்றி வீணாகும். ஆகவே தொட்டியை வேலியோரம் ஒதுக்காமல் மேய்ச்சல் நிலத்தின் நடுவில் வையுங்கள். சுற்றிலும் சரளை கொட்டாவிட்டால் ஒரே பருவத்தில் சேறாகிவிடும்.

காற்றாலையின் அடிப்பகுதி நம் ஊர் அடிபம்பின் குடும்பம்தான்: ராடு, சிலிண்டர், தோல் வாஷர், அடி வால்வு. சக்கரம் நன்றாகச் சுற்றியும் தண்ணீர் மெலிந்து வந்தால் வாஷர் தேய்ந்திருக்கும். மணல் வரும் கிணற்றில் சீக்கிரமே தேயும். நின்று மறுபடி சுற்றும்போது வெகுநேரம் கழித்தே தண்ணீர் வந்தால் அடி வால்வு கசிகிறது. பாரமே இல்லாமல் சக்கரம் சுற்றி, சொட்டுகூட வரவில்லையா? ராடு அறுந்திருக்கலாம். மேலே பல்சக்கரப் பெட்டியின் எண்ணெயை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். தவறவிடக் கூடாத வேலை இது.

புதிதாக அமைப்பவர்களுக்கு எங்கள் யோசனை சூரியசக்தி பம்பு. கோடையில், தேவை உச்சத்தில் இருக்கும்போது, அது அதிகம் இறைக்கும். தொட்டி நிறைந்ததும் பம்பு தானாக நிற்க மிதவை சுவிட்ச் பொருத்துங்கள். இந்தச் சமவெளிக்கு அடியில் இருக்கும் ஓகலாலா நிலத்தடி நீர் பல இடங்களில் ஊறுவதைவிட வேகமாக இறைக்கப்படுகிறது. வழிந்தோடினால் திரும்பக் கிடைக்காது.

மாடுகளை விடுமுன் தண்ணீரைச் சோதியுங்கள். சல்பேட் லிட்டருக்கு 1,000 மி.கி. தாண்டினால் எச்சரிக்கை தேவை. 3,000 தாண்டினால் மூளை பாதிக்கப்பட்டு மாடு சாகலாம். தொட்டிக்குள் கம்பிவலைச் சரிவு ஒன்றும் வையுங்கள். தவறி விழும் பறவைகள் ஏறித் தப்பும். இல்லையேல் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.