இசைப் புதிர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்நாடக இசையை வைத்துப் புதிர் போட்டு, இணையத்தில் கூடி விடுவிக்கும் குழுக்களில் புதிதாகச் சேர்பவர்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் சறுக்குகிறார்கள். அண்மையில் சேர்ந்த சிலர், நான் முன்பு சறுக்கிய அதே இடங்களில் கால் வைப்பதைப் பார்த்ததால் இதை எழுதுகிறேன். கட்டங்களை எண்ணாமல் விடை சொல்வது, ஹம்ஸத்வனியா அம்சத்வனியா என்று எழுத்து வழக்கைப் பார்க்காமல் நிரப்புவது போன்றவற்றை இரண்டு வாரத்தில் எல்லோரும் தாமாகவே திருத்திக்கொள்கிறார்கள். அவற்றை இங்கே சொல்லப் போவதில்லை.

குறிப்பு சொல்லும் கதையை நம்புவது

மறைபொருள் குறிப்பில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று விடையின் பொருளைச் சொல்லும். மற்றொன்று விடைச் சொல்லைக் கட்டும் வழியைச் சொல்லும். இரண்டையும் ஒட்டவைக்கும் கதை, உங்களை வேறு பக்கம் அழைத்துச் செல்வதற்காக மட்டுமே இருக்கிறது. "கதிரவன் வருமுன் சஞ்சி எடுத்தால் விரிபோணி கேட்கலாம்" என்ற குறிப்பைக் கண்டதும் ஒருவர் காலை நேரத்து ராகங்களையெல்லாம் பட்டியலிட்டார். சஞ்சி என்றால் பை, கதிரவன் என்றால் ரவி, இரண்டும் சேர்ந்தால் பைரவி. விரிபோணி என்பது அந்த ராகத்தின் புகழ்பெற்ற அட தாள வர்ணம். விடியற்காலைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

இதைவிடத் தந்திரமானது "தேசத்தை முதலில் பாடுவார்கள்" என்பது. வந்தே மாதரத்திலிருந்து தேஷ் ராகம் வரை எல்லா விடைகளும் வந்து விழுந்தன. தேசத்தை என்றால் நாட்டை. கச்சேரியின் தொடக்கத்தில் பாடுவதும் நாட்டை. தியாகராஜரின் கன ராக பஞ்சரத்னத்தில் முதலாவதான ஜகதானந்தகாரகவும் நாட்டை. வேற்றுமை உருபோடு வரும் சொல்லைக் கண்டால், உருபைக் கழற்றிவிட்டு யோசிக்கும் பழக்கத்தை ராகப் புதிரில் விட்டுவிட வேண்டும்.

மேள எண்ணைத் தமிழ் எழுத்தை வைத்துக் கணக்கிடுவது

இந்தத் தவறு ஒன்றே ஒரு மாலைப்பொழுதை முழுவதுமாக விழுங்கக்கூடியது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

மற்ற ராகங்களுக்குத் தாயான 72 மேளகர்த்தா ராகங்களின் (சுருக்கமாக மேளங்களின்) பெயர்களில் முதல் இரண்டு எழுத்துகளுக்குள் அவற்றின் எண் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு மெய்யொலிக்கும் ஓர் இலக்கம் தரும் கடபயாதி முறைப்படி அந்த எழுத்துகளுக்குரிய இலக்கங்களை எடுத்து, வலமிருந்து இடமாகப் படித்தால் எண் வந்துவிடும். மாயாமாளவகௌளையில் ம 5, ய 1. திருப்பிப் படித்தால் 15. இந்த அளவைக் கற்றுக்கொண்ட மறுநாளே எல்லோருக்கும் துணிச்சல் வந்துவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால், கடபயாதி வடமொழி ஒலிகளுக்கு ஏற்பட்ட கணக்கு. தமிழில் ஒரே எழுத்தாக எழுதப்படும் ஒலிகளுக்கு அதில் வெவ்வேறு இலக்கங்கள் உண்டு. கமலம், கரன், கங்கை, கடம் ஆகிய நான்கையும் நாம் ஒரே ககரத்தில் தொடங்குகிறோம். கடபயாதியில் அவற்றின் முதல் ஒலிகளுக்கு முறையே 1, 2, 3, 4. ட, ப வரிசைகளிலும் இதே போல 1 முதல் 4 வரை. ச, த வரிசைகளில் 6 முதல் 9 வரை. போதாக்குறைக்கு, சிவனில் வரும் சகரத்துக்கு 5, ஸகரத்துக்கு 7. கிரந்த எழுத்துகள் ஜ, ஷ, ஸ, ஹ என்ற ஒலிகளைக் காப்பாற்றுகின்றனவே தவிர, க, ட, த, ப வரிசைகளுக்கு அவற்றால் உதவி இல்லை.

ஒரு சங்கிலிப் புதிரில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் குறிப்பு "சிவனின் நகை" என்பது; சங்கரன், ஆபரணம், ஆகவே சங்கராபரணம். இரண்டாவது குறிப்பு, அந்த ராகம் மேளமாக நிற்கும்போது எந்தச் சக்கரத்தில், அதாவது ஆறு ஆறாகப் பிரித்த மேளங்களின் எந்தத் தொகுதியில், வருகிறது என்பதை வில்லாளியின் கையில் தேடச் சொன்னது. மூன்றாவதற்கு அந்த மேளத்தின் தைவதம், அதாவது 'த' என்ற ஸ்வரத்தின் வகை, தேவை. அதற்குப் பின் வரும் குறிப்புகள் எல்லாம் அந்தத் தைவதத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு நகர்பவை. கடபயாதியைப் புதிதாகக் கற்றிருந்த ஒருவர் முன்வந்து, மேளப் பெயர் தீரசங்கராபரணம் என்று சரியாகவே சொன்னார். பிறகு தகரத்துக்கு 6, ரகரத்துக்கு 2 என்று எடுத்து, எண் 26 என்று அறிவித்தார். தீர என்பதில் வருவது த வரிசையின் நான்காவது ஒலி. அதன் மதிப்பு 9. எண் 29. தமிழ் எழுத்தை நம்பியதால் அவர் சங்கராபரணத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே 26-ஆம் மேளமான சாருகேசியின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

அங்கேயே யாராவது தடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் 25 முதல் 30 வரையுள்ள ஆறு மேளங்களும் பாண சக்கரத்தைச் சேர்ந்தவை என்பதால், 26 என்று எடுத்தாலும் 29 என்று எடுத்தாலும் வில்லாளியின் கையில் பாணமே கிடைத்தது. அடுத்த குறிப்பே "சரி" என்று சொல்லிவிட்ட பிறகு முதல் கணக்கை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? சக்கரத்துக்குள் மேளம் நிற்கும் இடத்தைக் கொண்டே தைவதத்தைச் சொல்லிவிடலாம். சக்கரத்தில் இரண்டாவது மேளம் என்று கொண்டு சுத்த தைவதம் என்று எழுதிவிட்டு, குழு முழுவதும் அதன் மேல் விடைகளை அடுக்கிக்கொண்டே போயிற்று. உண்மையில் அது ஐந்தாவது மேளம், தைவதம் சதுச்ருதி. வேலையைப் பகிர்ந்து செய்யும்போது ஒருவர் தந்த எண்ணை மற்றவர்கள் சரிபார்க்காமல் வாங்கிக்கொள்வதால், தவறு யாருடைய கையிலிருந்து புறப்பட்டது என்றே தெரியாமல் போய்விடுகிறது. கடைசியில் எதுவும் பொருந்தாதபோது அந்த நண்பர் புதிரை அமைத்தவர் மீதே குற்றம் சொன்னார். எண்ணைச் சொன்ன இந்த நண்பர் முறையாகப் பாட்டுக் கற்றவர். சங்கராபரணத்தில் தைவதம் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் பாடிக் காட்டுவார். ஆனாலும் தன் தொண்டையை நம்பாமல் நேற்றுக் கற்ற கணக்கை நம்பினார். என் எரிச்சலுக்குக் காரணம் கணக்கு பிழைத்தது அன்று, இதுதான்.

இது அரிதான விபத்தும் அன்று. கரஹரப்ரியாவின் முதல் ஒலி ககர வரிசையில் இரண்டாவது. ஆகவே எண் 22. தமிழ் ககரத்தை 1 என்று எடுத்தால் 21, அதாவது கீரவாணி. இங்கும் இரண்டும் ஒரே சக்கரம், ரிஷபமும் காந்தாரமும் ஒன்றே. பூர்வாங்கத்தை, அதாவது ஸ்வர வரிசையின் முன்பாதியை, வைத்துச் சோதித்தால் தவறு சிக்காது. நாடகப்ரியாவுக்கு 10, நடபைரவிக்கு 20. இரண்டாவது எழுத்தான டகரத்தின் ஒலி வேறுபடுவதே காரணம். பாவனிக்கு 41, பவப்ரியாவுக்கு 44. மிகக் கொடுமையான கூட்டம் சூலினி, சலநாட்டை, சாலகம்: தமிழில் மூன்றும் சகரமும் லகரமும்தான், ஆனால் எண்கள் 35, 36, 37. இவற்றுள் சாலகத்தில் மத்திமமே மாறிப் பிரதி மத்திமமாகிவிடுகிறது.

ஆகவே எண்ணைக் கணக்கிட்டவுடன் மேளப் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளைத் தமிழில் அச்சிடும் புத்தகங்கள் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று எண் போட்டு ஒலியைக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் குழுவில் விளக்கம் எழுதும்போதும் அதே போல எண்ணிட்டு எழுதினால், அடுத்தவர் கணக்கை ஒரு நொடியில் சரிபார்த்துவிடுவார். அதன் பிறகு ஏறுவரிசையான ஆரோகணத்தை ஒரு முறை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள்.

கூட்டெழுத்தில் எதை எடுப்பது

ரத்னாங்கியில் தகரமும் நகரமும் சேர்ந்து வருகின்றன. கடைசியாக வரும் நகரத்தை எடுத்தால்தான் எண் 2 கிடைக்கும். இந்த விதியைப் பிடித்துக்கொண்டு சக்ரவாகத்துக்குப் போனால், ரகரத்தை எடுத்து 26 என்று மீண்டும் சாருகேசியில் விழுவீர்கள். அங்கே எடுக்க வேண்டியது முன்னால் வரும் ககரம், எண் 16. திவ்யமணி (48), விச்வம்பரி (54), சிம்மேந்திரமத்திமம் (57) ஆகியவையும் கடைசி மெய் விதிக்கு அடங்காதவை. இந்தச் சில பெயர்களை மனப்பாடம் செய்துவிடுவதே குறுக்கு வழி.

ஒரே மேளத்துக்கு இரண்டு பெயர்கள்

தீட்சிதர் மரபில் 8-ஆம் மேளம் ஜனதோடி, 65-ஆம் மேளம் சாந்தகல்யாணி. அவற்றின் மற்றப் பெயர்களான ஹனுமத்தோடியும் மேசகல்யாணியும் கட்டத்தில் பொருந்தவில்லை என்றால் கட்டத்தைத் திட்டாதீர்கள்.

முத்திரையைக் கண்டதும் பெயரை எழுதுவது

பாட்டுக்குள் அதை இயற்றியவர் வைக்கும் அடையாளச் சொல்தான் முத்திரை. குருகுஹ என்றால் தீட்சிதர், ஹரிகேச என்றால் முத்தையா பாகவதர் என்று நிற்கலாம். ராமதாசன் என்று வந்தால் நிற்க முடியாது. பத்ராசலத்துக்காரரும் இருக்கிறார், பாபநாசம் சிவனும் இருக்கிறார். பாட்டு தெலுங்கா தமிழா என்பதற்குக் குறிப்பில் தடயம் இருக்கும்.

விடையை மட்டும் போடுவது

"கேதாரம்" என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டுப் போகாதீர்கள். கேள்வியின் தொடக்கம் கே, மனைவி தாரம் என்று வழியையும் எழுதுங்கள்.

தேடுபொறி

மேளப் பட்டியலைத் தேடிப் பார்க்கலாம். குறிப்பை அப்படியே இட்டுத் தேடுவதாக இருந்தால், மற்றவர்கள் முடிக்கும் வரை பேசாமல் இருங்கள்.